நுண்கணிதத்தில் எஃப் வாங்கிய மகள்: கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து யூசிக்கு மாற்றலாக இனி வழி உண்டா?

கேள்வி: சன்னிவேல் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 18 வயது ஆகிறது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டு, 2025 ஆகஸ்டில் வீட்டுக்கு அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, 2027 இலையுதிர் பருவத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகம் ஒன்றில், அதாவது யூசியில், இயந்திரப் பொறியியலுக்கு மாற்றலாக வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். நான்கு ஆண்டுகளும் பல்கலைக்கழகத்திலேயே படிக்க வைக்க எங்களுக்கு வசதி போதாது. ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர் என்ற கட்டணத்தைப் பார்த்துத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் பருவத்தின் முடிவுகள் கடந்த வாரம் வந்தன. ஆங்கிலத்தில் ஏ, வரலாற்றில் ஏ, வேதியியலில் பி, நுண்கணிதம் முதல் தாளில் எஃப். மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டியபோது அந்த ஒரு வரியின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டே காட்டினாள். நானாக விரலை எடுத்துவிட்ட பிறகுதான் அழுதாள்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் திருநெல்வேலியில் என் மாமியார் காலமானார். மகளை வளர்த்ததே அவர்தான் என்பதால் அவளை இங்கே விட்டுவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பியபோது மூன்று வாரம் ஓடிவிட்டிருந்தது. மற்றப் பாடங்களில் விட்டதை எப்படியோ பிடித்துவிட்டாள், கணிதத்தில் முடியவில்லை. நவம்பர் நடுவில் பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசி நாள் இருந்திருக்கிறது. சி வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் அவள் அதை விட்டுவிட்டாள். எங்களுக்கோ அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது.

இப்போது என் கேள்விகள் இவைதான். இந்த எஃப் யூசியின் கதவை அடைத்துவிட்டதா? திரும்பப் படித்தால் அது அழியுமா? ஆசிரியரிடம் முறையிட்டு கிரேடை மாற்றச் சொல்ல வேண்டும் என்கிறார் என் கணவர். வேறு கல்லூரியில் புதிதாகச் சேர்ந்து, இந்தக் கல்லூரியில் படித்ததையே சொல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்கிறார் எங்கள் உறவினர் ஒருவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை; ஆனால் எது சரி என்றும் தெரியவில்லை. மகள் எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசாவில், இருக்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: கணித ஆசிரியர், கலிஃபோர்னியா

அம்மா, வணக்கம். நான் ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் பல ஆண்டுகளாக இதே நுண்கணிதம் முதல் தாளை நடத்துகிறவன். கதவு அடைபடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கணக்குக்கு வருகிறேன். ஏனென்றால் வெறும் ஆறுதலைவிடக் கணக்கு உங்களுக்கு அதிக நிம்மதி தரும்.

ஆங்கிலமும் வரலாறும் தலா 3 யூனிட், வேதியியலும் நுண்கணிதமும் தலா 5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஏ-க்கு 4 புள்ளி, பி-க்கு 3, எஃப்-க்குப் பூஜ்யம். மொத்தம் 39 புள்ளிகளை 16 யூனிட்டால் வகுத்தால் ஜிபிஏ, அதாவது சராசரிப் புள்ளி, 2.44. நுண்கணிதம் மட்டும் இல்லாதிருந்தால் 3.55 இருந்திருக்கும். இந்த வீழ்ச்சிதான் பிள்ளையின் கண்ணில் தெரிகிறது. ஆனால் வசந்தப் பருவத்தில் இதே பாடத்தைத் திரும்பப் படித்து பி வாங்கினால், பழைய எஃப் கணக்கிலிருந்து விலகி, 54 புள்ளியை அதே 16 யூனிட்டால் வகுக்க 3.38 வரும். ஏ வாங்கினால் 3.69. அவளுடைய கல்லூரியும் யூசியும் இந்த முறையில்தான் பார்க்கின்றன. மாநிலவாசிகளுக்கு யூசி வைத்திருக்கும் குறைந்தபட்ச ஜிபிஏ 2.4; பொறியியலுக்கு அது எந்த மூலைக்கும் போதாது என்பதால் அதை நினைத்துத் திருப்தி அடைய வேண்டாம்.

எஃப் அழியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஜிபிஏ கணக்கிலிருந்துதான் போகும், டிரான்ஸ்கிரிப்டிலிருந்து, அதாவது கல்லூரி தரும் கிரேடு பட்டியலிலிருந்து, போகாது. பக்கத்தில் ஒரு குறியோடு அந்த எழுத்து அங்கேயே இருக்கும். தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தால் அவை தத்தம் வழியில் கணக்கிடும். இரண்டு முறையையும் சேர்த்துக் கணக்கிடும் இடத்தில் அதே 54 புள்ளி 21 யூனிட்டால் வகுபட்டு 2.57 ஆகிவிடும். எங்கெல்லாம் விண்ணப்பிக்கப் போகிறாள் என்பதை இப்போதே யோசிக்கச் சொல்வது அதனால்தான்.

டி வாங்கியிருந்தால் தப்பித்திருப்பாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றலுக்கு வேண்டிய ஏழு அடிப்படைப் பாடங்களில், அதாவது ஆங்கிலக் கட்டுரை இரண்டு, கணிதம் ஒன்று, மற்றத் துறைகளில் நான்கு ஆகியவற்றில், ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பது யூசியின் விதி. எனவே டி வாங்கியிருந்தாலும் திரும்பத்தான் படிக்க வேண்டியிருந்திருக்கும். நான் பணிபுரியும் கல்லூரியில் ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்று முறைதான் வாய்ப்பு. டபிள்யூ போட்டு விலகுவதும் அதில் ஒன்றாகக் கணக்காகும். மகள் ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிட்டாள். ஆகவே அடுத்த முறை ஆயத்தமில்லாமல் உட்காரக் கூடாது.

உண்மையான இழப்பு ஜிபிஏயில் இல்லை, பாடங்களின் சங்கிலியில்தான் இருக்கிறது. நுண்கணிதம் இரண்டாம் தாள், மூன்றாம் தாள், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாமே முதல் தாளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவை. இயற்பியலில் இயக்கவியல் பாடமும் முதல் தாளை முடித்தவர்களுக்குத்தான் கிடைக்கும். வசந்தப் பருவத்தில் முதல் தாள், 2026 கோடையில் இரண்டாம் தாள், இலையுதிரில் மூன்றாம் தாள், 2027 வசந்தத்தில் மற்ற இரண்டும் என்று அமைத்தால் கணிதம் பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்துவிடும். இயற்பியல்தான் ஒரு பருவம் தள்ளிப்போகும். எந்தெந்த வளாகம் எத்தனை இயற்பியல் பாடம் கேட்கிறது என்பதை அசிஸ்ட் இணையதளத்தில், உங்கள் கல்லூரியையும் அந்த வளாகத்தையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இந்த ஒரு வேலையை ஆலோசகர் பொறுப்பில் மட்டும் விட்டுவிட வேண்டாம்.

இரண்டாம் தாளுக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தாள் என்றால், முதல் தாளில் தேறாததால் கல்லூரியே பெரும்பாலும் நீக்கிவிடும். முதல் தாள் வகுப்புகளில் இந்நேரம் காத்திருப்போர் பட்டியல் தொடங்கியிருக்கும். இன்றைக்கே பெயரைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

கிரேடை மாற்றச் சொல்லி முறையிடுவது பற்றி: கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம் 76224-ஆம் பிரிவின்படி, தவறு, மோசடி, உள்நோக்கம், திறமையின்மை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலொழிய ஆசிரியர் இட்ட கிரேடே இறுதியானது. நீங்கள் சொன்னதில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் இறுதித் தேர்வுத் தாளைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்பதில் தவறே இல்லை, கேட்கவும் வேண்டும். நான் திருத்தும் எஃப் தாள்களில் மீண்டும் மீண்டும் காண்பது இதைத்தான்: மாணவர் முதல் வரியில் வகைக்கெழுவைச் சரியாக எடுத்திருப்பார், மூன்றாவது வரியில் பின்னத்தைச் சுருக்கும்போது கழித்தல் குறி ஒன்று காணாமல் போயிருக்கும், அதற்குப் பிறகு பக்கம் முழுவதும் வீண். அப்படிப்பட்டவருக்குத் தேவைப்படுவது நுண்கணிதம் அல்ல, பத்தாம் வகுப்பு இயற்கணிதப் பயிற்சி. ஏபி 1705 என்ற 2022-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அறிவியல், பொறியியல் மாணவர்களை நேரடியாக நுண்கணிதத்தில் அமர்த்தும் வழக்கம் வந்திருப்பதால் இந்த இடைவெளி முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. வேறு சில தாள்களில் அக்டோபர் வரையுள்ள கேள்விகள் எல்லாம் சரியாகவும் அதற்குப் பிந்தையவை வெறுமையாகவும் இருக்கும். உங்கள் மகளின் தாள் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவள் கணிதத்தில் பலவீனமானவள் அல்ல, மூன்று வாரம் வகுப்பில் இல்லாதவள், அவ்வளவுதான்.

பதில் 2: டேவிஸில் படிப்பவன்

அக்கா, உறவினர் சொன்னதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். படித்த ஒவ்வொரு கல்லூரியையும், ஒவ்வொரு பாடத்தையும், எஃப், டபிள்யூ, திரும்பப் படித்தவை அனைத்தையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்று யூசி தெளிவாகக் கேட்கிறது. இடம் கிடைத்த பிறகு எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். எந்த மாணவர் எங்கே பதிவு செய்திருந்தார் என்பதைக் கல்லூரிகள் சரிபார்க்கப் பொதுவான தரவகமும் உண்டு. எஃப் இருந்தும் இடம் கிடைத்தவர்கள் பலரை நான் அறிவேன். மறைத்தது தெரியவந்தால் கிடைத்த இடமே ரத்தாகிவிடும்.

என் கதையைச் சொன்னால் மகளுக்குக் கொஞ்சம் தைரியம் வரலாம். எனக்கு எஃப் விழுந்தது இன்னும் மோசமான நேரத்தில். நவம்பரில் விண்ணப்பம் அனுப்பிவிட்டேன், டிசம்பரில் இயற்பியலில் எஃப். ஜனவரி மாதத்தில் இலையுதிர் பருவத்தின் கிரேடுகளை நாமே இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். ஜனவரி 31 வரை நேரம் இருந்தது. நான் இருபத்தெட்டாம் தேதி வரை அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் எஃப் என்று பதிந்துவிட்டு, வசந்தப் பருவத்தில் அதே பாடத்தைத் திரும்பப் படிக்கிறேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஏப்ரலில் ஒரு வளாகம் மறுத்தது, இன்னொரு வளாகம் நிபந்தனையோடு இடம் கொடுத்தது. நிபந்தனை, அந்தப் பாடத்தில் சி. பி வாங்கினேன்.

உங்கள் மகளுக்கு என்னைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் அவளுக்கு இது முதல் பருவம். விண்ணப்பம் 2026 நவம்பரில்தான். அதற்குள் எஃப்புக்குக் கீழே ஒரு பி அல்லது ஏ இருக்கும், இரண்டாம் தாளின் கிரேடும் இருக்கும். விண்ணப்பத்தில் நான்கு கேள்விகளுக்குத் தலா 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். அந்த இடத்தை எஃப்பைப் பற்றிய விளக்கத்துக்குச் செலவழிக்க வேண்டாம். கல்வி வரலாற்றைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லத் தனிப் பெட்டி உண்டு. பாட்டி இறந்தது, மூன்று வாரம் ஊரில் இருந்தது, திரும்பப் படித்து வாங்கிய கிரேடு ஆகியவற்றை அங்கே நான்கைந்து வரியில், யாரையும் குறை சொல்லாமல் எழுதினால் போதும்.

டேக் என்னும் உத்தரவாத மாற்றல் திட்டத்தையும் பாருங்கள். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் உண்டு; பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ மூன்றிலும் இல்லை. செப்டம்பர் மாதம் முழுவதும் அதற்கு விண்ணப்பிக்கலாம். பொறியியலுக்கு ஒவ்வொரு வளாகமும் தனி ஜிபிஏவும் தனிப் பாடப் பட்டியலும் வைத்திருக்கிறது, சில இடங்களில் பொறியியலுக்கு டேக்கே இல்லை. செப்டம்பரில் பார்க்கும் ஜிபிஏயில் எஃப் மாறியிருக்க வேண்டுமென்றால் வசந்தத்திலேயே திரும்பப் படித்தாக வேண்டும். ஒரு பருவம் ஓய்வு எடுக்கலாம் என்று அவள் கேட்டால் இதைச் சொல்லுங்கள். சிஎஸ்யூ, அதாவது கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக, வளாகங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். மாநிலவாசிகளுக்கு அங்கே குறைந்தபட்ச ஜிபிஏ 2.0, பொறியியலுக்குப் பெயர் பெற்ற வளாகங்களில் போட்டி அதிகம் என்றாலும், கைவசம் இருக்க வேண்டிய வழி அது.

பதில் 3: எச்-4 பிள்ளைகளின் தந்தை

சகோதரி, மேலே இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். மகளுக்கு 21 வயது நிறையும் நாளோடு எச்-4 முடிந்துவிடும். அதற்கு முன்பே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற விண்ணப்பித்தாக வேண்டும். எச்-4இல் இருக்கும் வரை உரிய விதிகளை நிறைவு செய்தால் கலிஃபோர்னியாவாசி என்ற கட்டணம் கிடைக்கும். எஃப்-1இல் அப்படி வாசி உரிமை பெற முடியாது. யூசியில் வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல்.

இதை உங்கள் கணக்கோடு பொருத்திப் பாருங்கள். இப்போது 18 என்றால் 21 நிறைவது 2028இல். 2027இல் மாற்றலானால் யூசியில் முதல் ஆண்டின் ஒரு பகுதியாவது எச்-4இல் கழியும். எஃப்பின் காரணமாக ஒரு வருடம் தள்ளிப்போய் 2028இல் சேர்ந்தால், ஏறத்தாழ முழுப் படிப்பையும் வெளியாள் கட்டணத்தில் முடிக்க வேண்டிவரலாம். ஆசிரியர் ஐயா சொன்ன கோடைப் பருவத் திட்டம் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை வெறும் படிப்பு விஷயம் அல்ல. கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த வயதுக் கணக்கு மாறக்கூடும் என்பதால் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எச்-4இல் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. எஃப்-1 மாணவர்போல ஒவ்வொரு பருவமும் 12 யூனிட் எடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. நுண்கணிதத்தைத் திரும்பப் படிக்கும் பருவத்தில் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். அதுவே எஃப்-1 ஆக இருந்தால், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு பாடத்தைக் கைவிட்டு 12-க்குக் கீழே போவது, எஃப் வாங்குவதைவிடப் பெரிய ஆபத்து.

இதைப் படிக்கும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள குடும்பங்களுக்கு: கூட்டரசின் நிதியுதவி பெறுகிறவர் பதிவு செய்த யூனிட்டுகளில் பொதுவாக 67 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும், ஜிபிஏ 2.0 இருக்க வேண்டும். எஃப், டபிள்யூ இரண்டுமே முடிக்காத யூனிட்டாகத்தான் எண்ணப்படும்.

சன்னிவேல் அம்மா

மூவருக்கும் நன்றி என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆசிரியர் ஐயாவின் பதிலை மகளே உட்கார்ந்து இரண்டு முறை படித்தாள். 54-ஐ 16-ஆல் அவளே வகுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா சொன்ன மாதிரி எல்லாம் முடிஞ்சு போகலம்மா" என்றாள். காத்திருப்போர் பட்டியலில் நான்காவது இடம் கிடைத்திருக்கிறது. தேர்வுத் தாளைப் பார்க்க அனுமதி கேட்டு ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். குடும்பத்தில் மரணம் நேர்ந்ததைக் காட்டினால் எஃப்பையே விலகலாக மாற்ற வழி உண்டு என்று அவளுடைய தோழி சொல்லியிருக்கிறாள். இது உண்மையா?

கணித ஆசிரியர், கலிஃபோர்னியா

உண்மைதான் அம்மா, நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இடபிள்யூ, அதாவது மன்னிக்கப்பட்ட விலகல், என்று ஒன்று உண்டு. மாணவரின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால் படிப்பு தடைப்பட்டது என்று ஆதாரத்தோடு காட்டினால், விலகும் கடைசி நாள் கடந்த பிறகும் கல்லூரி அதை ஏற்கலாம். ஏற்றால் எஃப் நீங்கி அந்த இடத்தில் இடபிள்யூ வரும். ஜிபிஏயில் சேராது, மூன்று வாய்ப்புகளில் ஒன்றாகவும் எண்ணப்படாது. திரும்பப் படித்து பி வாங்கினால் யூசியின் கணக்கில் இரண்டு வழியிலும் அதே 3.38தான் வரும். ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் எஃப் என்ற எழுத்து இருக்காது, தனியார் பல்கலைக்கழகம் கணக்கிட்டாலும் 2.57 வராது. அதனால் முயன்று பார்ப்பது நல்லது.

கல்லூரியின் பதிவு அலுவலகத்தில் மனுப் படிவம் இருக்கும். இறப்புச் சான்றிதழ், போக வர விமானச் சீட்டுகள், அந்த நாட்களில் ஆசிரியருக்கு மகள் எழுதிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றை இணையுங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழில் தமிழோடு ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டியதில்லை. அதில் உங்கள் கணவரின் பெயர் இருக்காது என்பதால், இறந்தவர் அவருடைய தாய்தான் என்று காட்ட அவருடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். தாயார் பெயர் பொதுவாக அங்கே அச்சாகியிருக்கும்.

மற்ற மூன்று பாடங்களில் தேறியவர் இதில் மட்டும் ஏன் தேறவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். முந்தைய வாரப் பாடம் தெரியாமல் அடுத்த வாரப் பாடம் நடக்காத வகுப்பு இது என்பதை, எந்தெந்த நாளில் எந்தெந்தப் பாடம் நடந்தது என்ற அட்டவணையோடு மகளே எழுதட்டும். அக்டோபருக்கு முந்தைய தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தால் அதையும் சேர்க்கட்டும். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம், மறுக்கவும் செய்யலாம். அதற்காகக் காத்திருக்காமல் வசந்தப் பருவ வகுப்பின் முதல் நாளே போய் உட்காரச் சொல்லுங்கள். பட்டியலில் நான்காவது இடம் என்றால், முதல் வாரத்தில் வராதவர்களை நீக்கும்போது என் வகுப்பில் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.